முதல் பதில் ஒரு கேள்வியாக இருக்கட்டும்

கேம்பஸ் தேர்வில் வேலை கிடைத்த மாணவர்களில் பெரும்பாலோர் ஆஃபர் லெட்டரைத் திறந்ததும் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான்: ஆண்டுக்கு எத்தனை லட்சம்? அது கண்ணில் பட்டதும் சம்மதம் தெரிவித்துவிடுகிறார்கள். கல்விக் கடன் வாங்கிப் படித்த பிள்ளையின் வீட்டில் அந்த அவசரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கடிதம் வந்த நேரத்துக்கும் சம்மதம் சொல்லும் நேரத்துக்கும் நடுவிலுள்ள சில நாட்களில்தான் வேலைக்கு வருபவரின் குரலுக்குக் கொஞ்சமாவது மதிப்பு இருக்கிறது. அந்த நாட்களை நன்றி சொல்வதோடு முடித்துக்கொள்ளக் கூடாது. எழுத்தில் கேள்வி கேட்கவும் பயன்படுத்த வேண்டும்.

ஏன் கேட்க வேண்டும் என்பதற்குச் சம்பளக் கணக்கே போதும். கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் 'சிடிசி', அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. ஆண்டுக்கு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 33,333 ரூபாய். அதை நம்பி வீட்டு வாடகையும் கடன் தவணையும் திட்டமிடுகிறார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 2 லட்சம் என்றால், மாதச் சம்பளத்துக்கான 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி நிறுவனம் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) ஆண்டுக்கு 21,600. பணிக்கொடைக்கென்று வழக்கமாக ஒதுக்கும் 4.81 சதவீதம் 9,620. வேலைத்திறனைப் பொறுத்துத் தரும் தொகை 40,000 என்று கொள்வோம். அது மாதச் சம்பளத்தோடு வராது, முழுதாக வரும் என்ற உறுதியும் இல்லை. உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 21,600. எல்லாம் போகக் கைக்கு வருவது மாதம் 25,600 அளவில்தான். இதில் மோசடி எதுவும் இல்லை. பிஎஃப் உங்கள் சேமிப்பே. ஆனால் நிரந்தரப் பணியில் இருப்பவருக்குப் பணிக்கொடை பொதுவாக ஐந்தாண்டு பணியாற்றிய பிறகே கிடைக்கும். அதற்கு முன்பே வேறு இடம் போகிறவருக்கு அந்த 9,620 காகிதத்தில் மட்டும் இருந்த பணம். மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று ஒரு வரி கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது பாண்ட். இத்தனை ஆண்டுகள் இருப்பேன், இடையில் போனால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்ற நிபந்தனை. 'பாண்ட் எல்லாம் கோர்ட்டில் செல்லாது' என்று சீனியர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆபத்தானது என்று தெரியும். மூன்றாண்டுக்கு முன்பே விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை நீதிமன்றம் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி ஆளெடுக்கச் செய்யும் செலவும் விலகியவரின் பதவியும் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டன. எனவே எல்லா பாண்டும் செல்லும் என்று இதற்குப் பொருள் இல்லை. தொகை நியாயமானதா என்ற கேள்வி எப்போதும் இருக்கும். அதை ஆண்டுகள் கழித்து வழக்கறிஞரிடம் கேட்பதைவிட, எந்தப் பயிற்சிக்காக இந்தத் தொகை, எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று இப்போதே நிறுவனத்திடம் கேட்பது மேல்.

கேள்வி கேட்டால் கிடைத்த வேலையும் போய்விடாதா? இந்த அச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சம்மதம் தெரிவிக்கும் வரை முன்மொழிந்தவர் அதைத் திரும்பப் பெறலாம். சம்மதமும் நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். 'சம்பளத்தை ஐம்பதாயிரம் கூட்டினால் வருகிறேன்' என்பது சம்மதம் ஆகாது. அது நீங்கள் வைக்கும் புதிய முன்மொழிவு. ஆனால் 'இந்தப் பிரிவின் பொருள் என்ன?' என்று விளக்கம் கேட்பது வேறு. அதனால் ஆஃபர் ரத்தாகிவிடாது. ஒரே கல்லூரியில் நூறு பேருக்கு ஒரே சம்பளம் தரும் நிறுவனத்திடம் பேரம் பேசிப் பெரிய பயனில்லை என்பதும் சரியே. அதனால்தான் பேரத்தில் நேரம் போக்காமல், கைக்கு வரும் தொகை, பாண்ட், வேலைக்குச் சேரும் தேதி, விலகுவதற்கான அறிவிப்புக் காலம் ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில், கெடுவுக்குப் பல நாள் முன்பே கேட்டுவிட வேண்டும். பாண்ட் பற்றி மரியாதையாகக் கேட்டதற்கே கோபப்படும் நிறுவனம், அங்கே வேலை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. வேலை தர முன்பணம் கேட்கும் இடத்துக்கோ பதிலே எழுத வேண்டாம்.

சேரும் தேதியைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022-இல் ஐடி நிறுவனங்களின் கடிதம் பெற்ற பலர் அழைப்பு வராமல் மாதக்கணக்கில் காத்திருந்தனர். இந்த அனுபவத்தைக் காட்டி, இரண்டு இடங்களில் சம்மதம் சொல்லிவைப்பதே பாதுகாப்பு என்று வாதிடுகிறார்கள். நிறுவனங்கள் வாக்குத் தவறும்போது மாணவர் மட்டும் ஏன் கட்டுப்பட வேண்டும் என்ற அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லாமல் வராமல் போனால் இழப்பு அந்த நிறுவனத்தோடு நிற்பதில்லை. அடுத்த ஆண்டு அதே கல்லூரிக்கு அவர்கள் வரத் தயங்கும்போது பாதிக்கப்படுவது ஜூனியர்கள். வேறு வேலை உறுதியான அன்றே, பிளேஸ்மென்ட் அலுவலரிடம் சொல்லிவிட்டு, நிறுவனத்துக்கு நன்றியோடு இரண்டு வரி எழுதினால் போதும். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் வேறொருவரை அவர்கள் அழைக்க அப்போது நேரம் இருக்கும்.