தாத்தாவின் கடிகாரம்

முகப்பேரில் இல்லச் சந்திப்புக்குச் சென்றிருந்தபோது, ஒரு குடும்பத்தினர் துணிமுடிப்பை அவிழ்த்துத் தாத்தாவின் சட்டைப்பைக் கடிகாரத்தை நம்மிடம் காட்டினர். அண்ணா சாலையில் மணிக்கூண்டுடன் விளங்கும் பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் பெயரும், ‘மதராஸ்’ என்னும் சொல்லும் அதன் முகப்பில் இருந்தன. “இதைக் கைக்கடிகாரமாக மாற்றித் தருகிறார்களாமே, செய்யலாமா சாமி?” என்று பேரன் வினவினான்.

இம்முயற்சி புதியதன்று. 1914-இல் மூண்ட முதல் உலகப் போரில், பதுங்குகுழியில் நின்று பையைத் துழாவ இயலாத வீரர்களுக்காகச் சிறு பைக்கடிகாரங்களில் கம்பி வளையங்களைப் பற்றவைத்துத் தோல்வாரில் பூட்டினர். ஆண்களிடையே கைக்கடிகாரம் பரவியது அதன் பின்னரே.

இன்றோ பழைய இயந்திரத்தைத் துப்புரவாக்கி, எண்ணெயிட்டு, புதிய எஃகு உறையில் பொருத்துகின்றனர். மூடியில்லாப் பைக்கடிகாரத்தில் சாவித் திருகு 12-க்கு மேலே இருக்கும். கைக்கடிகாரத்தில் அது 3-இன் அருகே வரவேண்டும். ஆதலால் வினாடிமுள் 6-இலிருந்து 9-க்கு இடம்பெயர்கிறது. பழைய முகப்பு அகற்றப்பட்டுப் புதியது ஏறுகிறது. மேலும், அக்கால இயந்திரங்களில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு இல்லை. கை ஓரிடத்தில் மோதினாலே மெல்லிய அச்சு முறியக்கூடும்.

பொன்னுக்காகவும் வெள்ளிக்காகவும் உறை உருக்கப்பட்டு, இயந்திரம் மட்டும் அனாதையாய் எஞ்சிய கடிகாரங்கள் உண்டு. அவற்றிற்குப் புது உறை தருவது நற்செயலே. முழுமையாய் உள்ளதைப் பிரிப்பது அவ்வாறன்று.

“தம்பி, இதைத் துப்புரவு செய்து நாள்தோறும் சாவி கொடு, அது போதும்” என்றோம். உங்கள் இல்லத்துப் பெட்டியையும் திறந்து பாருங்கள், அன்பர்களே!