பாகின் பதமும் அதன் வேதியியலும்

சர்க்கரைக் கரைசலை அடுப்பிலேற்றிக் காய்ச்சும்போது, அதனுள் நீர் வற்றுதல், சர்க்கரை மூலக்கூறு பிளவுபடுதல், பிளவுபட்டவை சிதைந்து நிறமும் மணமும் பெறுதல் என மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன.

தூய நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்க, சர்க்கரை கரைந்த நீரோ அதற்கும் மேலான வெப்பநிலையிலேயே கொதிக்கிறது. நீர் ஆவியாகிக் கரைசல் செறியச் செறியக் கொதிநிலையும் ஏறுவதால், பாகின் வெப்பநிலையே அதில் எஞ்சியுள்ள நீரின் அளவைச் சொல்லிவிடுகிறது. எடையில் ஏறத்தாழ 85 விழுக்காடு சர்க்கரை கொண்ட பாகு 115 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். தண்ணீரில் விட்ட துளி கரையாமல், விரல்களுக்கிடையே மெத்தென்று உருண்டு வரும் உருட்டுப் பதம் இதுவே. 150 டிகிரியை நெருங்கும்போது அதே துளி கண்ணாடிபோல் இறுகிச் சடக்கென ஒடிகிறது.

இரண்டாவது மாற்றம் கண்ணுக்குப் புலப்படாதது. சர்க்கரையின் வேதிப்பெயரான சுக்ரோஸ் என்பது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிய இரு எளிய சர்க்கரைகள் இணைந்த மூலக்கூறாகும். வெப்பமும் அமிலமும் சேரும்போது, நீர் அந்த இணைப்பை அறுத்து இரண்டையும் தனித்தனியாக்குகிறது. முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, சுக்ரோஸ் கரைசல் வலப்புறமாகவும் பிளவுபட்ட கலவை இடப்புறமாகவும் திருப்புவதால், இது தலைகீழாக்கம் எனப்படுகிறது. பாகில் சில துளி எலுமிச்சைச் சாறு விடுவதன் காரணமும் இதுதான்: வேறு வடிவ மூலக்கூறுகள் இடையே புகுந்துவிடுவதால் சுக்ரோஸ் ஒழுங்காக அடுக்கிப் படிகமாக முடியாமல், பாகு பூத்துப்போகாமல் நிற்கிறது. வெல்லம் காய்ச்சுவோருக்கோ இதே மாற்றம் இடையூறு. இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்ட கரும்புச் சாற்றில் பிளவு மிகுந்தால் வெல்லம் இறுகாமல் இளகிவிடும் என்பதால், சுண்ணாம்பு சேர்த்து அந்த அமிலத்தை அடக்குகின்றனர்.

ஏறத்தாழ 160 டிகிரிக்கு மேல், மூலக்கூறுகளே நீரை இழந்து ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறப் பொருள்களாகின்றன. கேரமல் எனப்படும் இந்நிலையில் இனிப்பு குறைந்து, வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் போன்ற பொருள்கள் உருவாக, மெல்லிய கசப்பும் கூடுகிறது. பால் சேர்ந்த இனிப்புகள் இதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சிவப்பதற்குப் பாலின் லாக்டோஸ் சர்க்கரை புரதத்தோடு வினைபுரிவதே காரணம். இவ்வகை வினையை 1912-இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி மயார் பெயராலேயே இது வழங்குகிறது.

பதம் மிஞ்சிய பாகில் தண்ணீர் விட்டு மீண்டும் காய்ச்சலாம், ஏனெனில் அதில் குறைந்தது நீர் மட்டுமே. பழுப்பேறிய பாகிலோ சர்க்கரையே வேறு பொருளாகிவிட்டதால், எவ்வளவு நீர் சேர்த்தாலும் அது பழைய சர்க்கரையாவதில்லை.