காரணவாதமும் ரஸ்ஸலின் தடையும்

சைதாப்பேட்டையிற் கோயில்கொண்டருளும் இறைவன் திருப்பெயர் காரணீசுவரர் என்பது. அப்பெயரைக் கேட்குந்தோறும் காரணம் என்னுஞ் சொல் நினைவிற்கு வருதல் இயல்பு. உலகிற்குக் காரணன் ஒருவன் வேண்டுமோ என மேனாட்டார் எழுப்பிய வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சொற்களின் பொருளையும் வாதங்களின் அமைப்பையும் பகுத்துக் காண்டலே தத்துவத்தின் தொழிலெனக் கொண்டோர் இருபதாம் நூற்றாண்டின் பகுப்பாய்வுத் தத்துவத்தார். அவருள் முதன்மை பெற்ற பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், 1927 மார்ச்சு 6ஆம் நாள் இலண்டன் பேட்டர்ஸியில், தேசிய சமயச்சார்பின்மைச் சங்கத்துத் தென்னிலண்டன் கிளையார் முன், தாம் கிறித்தவரல்லாமைக்குரிய காரணங்களை விரித்துரைத்தார். அவ்வுரையைச் சுயமரியாதை இயக்கத்துக் குத்தூசி குருசாமி தமிழிற் பெயர்த்தனர்.

எல்லாவற்றிற்கும் காரணம் உண்டெனின் கடவுளுக்கும் ஒரு காரணம் வேண்டும். காரணமின்றி ஒன்று இருத்தல் கூடுமெனின் அஃது உலகமாகவே இருத்தலும் கூடும் என்பது அவர் கூறிய தடை.

இத்தடை சித்தாந்தத்தைத் தாக்குமோ எனின், நேரே தாக்காது. மெய்கண்டார் சிவஞான போதத்து முதற் சூத்திரத்தில், எல்லாப் பொருட்கும் காரணம் உண்டு என்றாரல்லர். தோன்றி நின்று ஒடுங்கும் உலகிற்கே வினைமுதல் வேண்டும் என்றார். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. குடத்திற்கு மண் முதற்காரணமும், தண்ட சக்கரம் துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமும் ஆதல்போல, உலகிற்கு மாயையும் சத்தியும் இறைவனும் முறையே காரணமாதல் காண்க.

ஆயின், வலிய தடை பிறிதொன்றுண்டு. 1948இல் கோப்பிள்ஸ்டன் பாதிரியாரோடு வானொலியில் வாதிட்ட ரஸ்ஸல், மாந்தர் ஒவ்வொருவர்க்கும் தாய் உண்மைபற்றி மாந்த இனத்திற்கும் ஒரு தாய் உண்டெனல் பொருந்தாது என்றார். பகுதிகள் தோன்றியழிதல் கண்டு முழுவுலகும் அத்தன்மைத்து எனத் துணிவார் இதற்கு விடையிறுத்தல் கடன். செங்கல் ஒவ்வொன்றும் சிவப்பாயின் சுவரும் சிவப்பே. செங்கல் ஒவ்வொன்றும் சிறிதாயினும் சுவர் சிறிதன்று. ஆகலின், தோற்றமும் ஒடுக்கமும் இவ்விரண்டனுள் எவ்வினத்துக் குணம் என்று நிறுவுதலே வாதத்தின் உயிர்நிலை.

இனி, கடவுள் மறுப்பினின்று மனிதநேயக் கொள்கை தானே பிறவாது. அன்பும் அறிவும் வழிகாட்ட வாழ்தல் நன்றெனக் கொண்ட ரஸ்ஸல், அதனைத் தருக்கத்தால் நிறுவலாமெனக் கொண்டிலர். அறவுரைகள் உணர்ச்சியின் வெளிப்பாடே என 1936இல் எழுதிய ஏ. ஜே. அயர், 1965இல் பிரித்தானிய மனிதநேயச் சங்கத்தின் தலைமை பூண்டனர். ஆதலின், இத்தத்துவத்திற்கும் அக்கொள்கைக்கும் உள்ள தொடர்பு தருக்கமுடிபால் வந்ததன்று. சான்றின்றி ஒன்றை ஏலாத மனப்பாங்கால் வந்தது.

சிவஞான சித்தியார் பரபக்கமும் உலகாயதன் கூற்றை முதற்கண் வைத்தே மறுக்கப் புகுகின்றது. பிறர் கொள்கையை அவர் கொண்டவாறே உணர்ந்து, பின்னர் விடை காண்டலே முறையாதல் அறிஞர் ஓர்ந்துணர்க.