இறக்கத்தில் எந்த பிரேக் கைகொடுக்கும்?

‘‘சைக்கிள்லயே ஊட்டி வரைக்கும் போய்ட்டு வர்றோம்ப்பா’’ என்று காலேஜ் படிக்கும் பிள்ளை வந்து நிற்கிறானா? ‘மலை ஏறிடுவானா?’ என்பதுதான் வீட்டில் முதல் கவலையாக இருக்கும். ஏற முடியாவிட்டால் என்ன, இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். உண்மையில் கவலைப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான்! டூரிங் சைக்கிள் வாங்கும்போது கலர், கியர் எல்லாம் அப்புறம். முதலில் பிரேக்கைப் பாருங்கள்.

பிரேக்கின் வேலை ரொம்ப எளிமையானது. வேகத்தைச் சூடாக மாற்றுகிறது, அவ்வளவுதான். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். இதில் வெளிப்படும் ஆற்றல், ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்! அதில் ஒரு பங்கைக் காற்றும் ரோடும் வாங்கிக்கொள்ளும். மிச்சம்? பிரேக்கின் தலையில்தான்.

அந்தச் சூடு எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

ரிம் பிரேக்

இரண்டு ரப்பர் கட்டைகள் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும். எடை குறைவு, விலை குறைவு. சின்ன ஊர் சைக்கிள் கடையில்கூட கட்டை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மழை வந்தால்? ரிம்மில் ஒட்டியிருக்கும் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிரேக் பிடிக்கும். அதற்குள் சக்கரம் ஒன்றிரண்டு சுற்று சுற்றிவிடும். வீலில் கோட்டம் இருந்தாலும் கட்டை உரசும். நீண்ட இறக்கத்தில் விடாமல் அழுத்தினால் ரிம் சூடாகி, டியூபே வெடிக்கலாம். சேறும் மணலும் சேர்ந்து ரிம்மைத் தேய்த்துக்கொண்டே வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

டிஸ்க் பிரேக்

சக்கரத்தின் நடுவே, ஹப்பில் இருக்கும் இரும்புத் தட்டைப் பிடிக்கிறது. டயருக்குச் சூடு போகாது. மழையிலும் சீக்கிரம் பிடிக்கும். வீல் கொஞ்சம் கோணினாலும் பிரேக் வேலை செய்யும். இதில் கேபிளில் இயங்குவது ஒன்று, ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் இன்னொன்று. ஹைட்ராலிக்குக்கு விரல் பலம் குறைவாகவே போதும். சின்னக் கை உள்ளவர்களுக்கும், கை சீக்கிரம் மரத்துப்போகிறவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. ஆனால், ஆயில் கசிந்தால் வழியில் சரிசெய்வது கஷ்டம். கேபிள் அறுந்தாலோ புதுசு போட்டுக்கொள்ளலாம்.

டிஸ்க்கிலும் தொல்லை இல்லாமல் இல்லை. செயினுக்கு விடும் எண்ணெய் ஒரு சொட்டு தட்டில் பட்டாலும் பிரேக் வழுக்கும். ரயிலில், பஸ்ஸில் ஏற்றும்போது தட்டு வளையலாம். இறக்கம் முடிந்ததும் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துவிடும்!

சரி, எதை வாங்குவது?

சமதரையில், மழையில்லாத நாட்களில், லேசான மூட்டையோடு போகிறவர்களுக்கு நல்ல ரிம் பிரேக்கே போதும். மலை, மழை, மூட்டை... இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால் டிஸ்க்தான் சரி. தொலைதூரம், சின்னச் சின்ன ஊர்கள் என்றால் கேபிள் டிஸ்க் நல்லது. ‘இப்போ ரிம் பிரேக் வாங்கிட்டு, பின்னாடி டிஸ்க் மாத்திக்கலாம்’ என்று நினைக்காதீர்கள். ஃபிரேம், ஃபோர்க், ஹப் மூன்றிலும் அதற்கான அமைப்பு இருந்தாக வேண்டும்.

எந்த பிரேக்காக இருந்தாலும்...

* இறக்கம் முழுக்க அழுத்திக்கொண்டே வரக் கூடாது. வளைவுக்கு முன்பே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். விடும் நேரத்தில்தான் சூடு ஆறும்.

* அதிகம் நிறுத்துவது முன் பிரேக்தான். பயந்துகொண்டு பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் சறுக்கும். இரண்டையும் சேர்த்து, நிதானமாக அழுத்தப் பழகுங்கள்.

* புது டிஸ்க் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. வீட்டுப் பக்கத்திலேயே 20 தடவையாவது வேகமாகப் போய், நின்று பழக்கிய பிறகே மலைக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, முழு மூட்டையையும் கேரியரில் கட்டி, போக்குவரத்து குறைந்த விடியற்காலையில் பக்கத்து மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் சைக்கிளை நிறுத்தும் பிரேக், 15 கிலோ பாரத்தோடு எப்படி நிறுத்துகிறது என்பது மலைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடுவது நல்லது, இல்லையா?