சிலிண்டர் குளிர்த்துடுப்புப் பழுதுநீக்கம்

சிலிண்டர் குளிர்த்துடுப்பு என்பது காற்றால் குளிர்விக்கப்படும் மோட்டார் சைக்கிள், மொபெட் எஞ்சின்களின் சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றி வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகத் தகடு ஆகும். பட்டறை வழக்கில் இது ‘ஃபின்’ எனப்படுகிறது. துடுப்புகளோடு கூடிய சிலிண்டரைப் ‘பிளாக்’ என்பர். துடுப்புகள் சிலிண்டரோடு ஒரே வார்ப்பாக அமைவதால், உடைந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்ற இயலாது. ஒட்டவைக்கலாம், அப்படியே விடலாம், அல்லது பிளாக்கையே மாற்றலாம். எதைச் செய்வது என்பது உடைந்த இடத்தையும் உலோகத்தையும் பொறுத்தது. பழுதுபார்க்கும்போது ஏற்படும் பெரிய சேதம் பெரும்பாலும் துடுப்பில் நேர்வதில்லை. பிஸ்டன் ஓடும் உள்துளையில்தான் நேர்கிறது.

திருப்பூர்ச் சூழல்

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின்கீழ் தொடங்கி முடிவது குறைவு. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் முதலியவை பெரும்பாலும் தனித்தனி இடங்களில் ஜாப் ஒர்க் முறையில் நடக்கின்றன. துணி ரோல்களும் வெட்டிய பீஸ் கட்டுகளும் நாள் முழுதும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சென்றுகொண்டே இருக்கும். பெரிய சுமைக்கு டெம்போ. சிறிய சுமைக்கு மொபெட். 1980இல் வெளிவந்த டிவிஎஸ் 50 முதல் 2015இல் வந்த நான்கு வீச்சு எக்ஸ்எல் 100 வரை, இந்த மொபெட்டுகள் காற்றால் குளிர்பவையே. வாகனம் ஓடும்போது எதிர்வரும் காற்றுதான் எஞ்சினைக் குளிர்விக்கும். அதிகச் சுமை, குறைந்த வேகம், வெயில் ஆகிய மூன்றும் ஒருசேர வந்தால் வெப்பம் கூடுகிறது. அதை வெளியேற்றும் காற்றோ குறைகிறது.

இவற்றோடு பஞ்சுத் தூசியும் சேர்கிறது. கேஸ்கெட் ஓரத்தில் கசியும் எண்ணெயில் சாலைப் புழுதியும் பஞ்சும் ஒட்டி, துடுப்புகளின் இடைவெளியில் கம்பளிபோல் படிகின்றன. முழுத் துடுப்புகளும் இருந்தும் இடைவெளி அடைபட்ட பிளாக், முனை உடைந்தாலும் சுத்தமாக இருக்கும் பிளாக்கைவிட மோசமாகச் சூடேறும். ஆகவே உடைந்த துடுப்பைப் பற்றி யோசிக்கும் முன் பிளாக்கைக் கழுவிப் பார்ப்பதே முறை.

கழுவுவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. சாயப்பட்டறைகள் நிறைந்த ஊரில் காஸ்டிக் சோடா எளிதில் கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கை அது நன்றாகவே நீக்கும். ஆனால் அது அலுமினியத்தையும் கரைக்கும். அப்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். இரும்பு பிளாக்குக்கு ஏற்ற காஸ்டிக் தொட்டியில் அலுமினிய பிளாக்கை ஊறவைத்தால் துடுப்புகள் மெலியும், கேஸ்கெட் அமரும் முகங்கள் அரிக்கப்படும். மண்ணெண்ணெய், தூரிகை, சோப்புத் தண்ணீர் ஆகியவையே அலுமினியத்துக்குப் போதும்.

துடுப்பு செய்யும் வேலை

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்தை ஓட்டும் வேலையாக மாறுகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடு வெளியேற, கணிசமான பங்கு சிலிண்டர் சுவர் வழியாகக் காற்றுக்குச் சென்றாக வேண்டும். வழவழப்பான உருளையின் வெளிப்பரப்பு இதற்குப் போதாது. துடுப்புகள் அந்தப் பரப்பைப் பல மடங்காக்குகின்றன.

துடுப்பின் எல்லாப் பகுதியும் சமமாக வேலை செய்வதில்லை. அடிப்பகுதி சூடாகவும் முனை அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கும். காற்றுக்கும் உலோகத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடு கூடும் இடத்தில்தான் வெப்பம் வேகமாக வெளியேறும் என்பதால், ஒரு சதுர சென்டிமீட்டர் அடிப்பகுதி அதே அளவு முனையைவிட அதிகப் பயன் தருகிறது. வெப்பத்தை நன்கு கடத்தும் உலோகத்தில் இந்த வேறுபாடு குறையும். வார்ப்பு அலுமினியக் கலவை சாம்பல்நிற வார்ப்பிரும்பைப்போல் 2 முதல் 3 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அலுமினியத் துடுப்புகளை மெல்லியதாகவும் நீளமாகவும் அமைக்க முடிவது இதனால்தான்.

ஓர் எளிய கணக்கு: 110 மி.மீ. சதுரமான 8 துடுப்புகளும், நடுவில் 60 மி.மீ. விட்டமுள்ள உருளையும் கொண்ட பிளாக் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒவ்வொரு துடுப்பின் இரு பக்கப் பரப்பும் சேர்ந்து சுமார் 185 சதுர செ.மீ.; எட்டுக்கும் சேர்த்து 1,480 சதுர செ.மீ. அளவில் வரும். அதில் 30 மி.மீ. நீளமும் 15 மி.மீ. அகலமும் கொண்ட முனைத்துண்டு உடைந்தால் இழப்பு 9 சதுர செ.மீ., அதாவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினே போய்விட்டதாகக் கலங்கத் தேவையில்லை.

உடையும் விதம்

வண்டி பக்கவாட்டில் சாய்ந்து கல்லில் மோதுவதால் துடுப்பு உடைவதுண்டு. ஆனால் பட்டறையிலேயே உடைபவையும் குறைவல்ல. பிஸ்டன் ரிங் மாற்றும்போது, கேஸ்கெட்டோடு ஒட்டிக்கொண்ட பிளாக் எளிதில் கழன்று வராது. அப்போது ஸ்க்ரூடிரைவரைத் துடுப்புக்கு அடியில் கொடுத்து நெம்புவதும், துடுப்பின் ஓரத்தில் சுத்தியலால் தட்டுவதும் வழக்கம். வார்ப்பு உலோகம் வளையாது, உடையும். அடிப்பாகத்தில் தடித்த இடத்தில் மரச்சுத்தியால் மாற்றி மாற்றித் தட்டினால் கேஸ்கெட் விட்டுவிடும்.

அதிர்வாலும் விரிசல் வரும். சில எஞ்சின்களில் துடுப்புகளுக்கிடையே செருகப்பட்டிருக்கும் சிறு ரப்பர் துண்டுகளை அழகுக்கானவை என்று எண்ணி எறிந்துவிடுவோர் உண்டு. துடுப்புகள் மணிபோல் ஒலிப்பதையும் அதிர்வதையும் அடக்குவதே அவற்றின் வேலை.

சரிசெய்ய வேண்டிய உடைவும் விடத்தக்க உடைவும்

ஒன்றிரண்டு முனைகள் மட்டும் உடைந்திருந்தால் அரத்தால் விளிம்பை மழித்து, கூர்மூலைகளை வட்டமாக்கி விட்டுவிடலாம். விரிசல் மட்டும் இருந்தால், அது முடியும் இடத்தில் சிறு துளையிட்டு மேலும் பரவாமல் நிறுத்தலாம். புகைபோக்கி இணையும் பக்கம், ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள இடம் ஆகியவற்றில் அடுத்தடுத்த பல துடுப்புகள் அடியோடு போயிருந்தால் நிலைமை வேறு. மொத்தப் பரப்பில் இழப்பு சிறிதானாலும், எஞ்சினின் மிகச் சூடான பக்கம் மேலும் சூடேறி உருளை வட்டம் தவறும், பிஸ்டன் உரசும், முற்றினால் ‘சீஸ்’ ஆகும். விரிசல் துடுப்பைத் தாண்டி உருளைச் சுவருக்குள் இறங்கியிருந்தால் அந்த பிளாக்கை ஒதுக்கிவிட வேண்டும்.

உதிரிபாகம் கிடைப்பதும் முடிவைத் தீர்மானிக்கும். கடையில் புது பிளாக் கிடைக்கும் மொபெட்டுக்கு வெல்டிங் செலவு பெரும்பாலும் வீண். 1996இல் உற்பத்தி நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100, அதே ஆண்டில் மூடப்பட்ட மைசூர் ஐடியல் ஜாவாவின் யெஸ்டி, சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் போன்றவற்றின் அசல் பிளாக்குக்கே இந்த உழைப்பு தகும்.

அலுமினியத் துடுப்பு

அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். அதன் மேல் படியும் ஆக்சைடு படலமோ 2,000 பாகையைத் தாண்டினால்தான் உருகும். படலம் உருகுவதற்குள் உள்ளிருக்கும் உலோகம் ஒழுகிவிடும். மேலும் இரும்பைப்போல் அலுமினியம் சிவந்து எச்சரிப்பதில்லை. மாறுமின்னோட்டத்தில் இயங்கும் டிக் வெல்டிங், அதாவது பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ எனப்படும் முறை, இந்தப் படலத்தை உடைத்து அகற்றும் என்பதால் அதுவே ஏற்றது.

உடைந்த துண்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையெனில் அதே மாதிரி வண்டியின் பழைய பிளாக்கிலிருந்து துண்டு அறுத்தெடுப்பது, புதுத் தகடு வெட்டுவதைவிட நல்லது. தடிப்பும் உலோகமும் பொருந்தும். இரு விளிம்புகளையும் சரிவாக அரைத்து, எண்ணெய் முற்றிலும் போகும்வரை துடைத்து, தனி எஃகுத் தூரிகையால் தேய்க்க வேண்டும். வருடக்கணக்கில் எண்ணெய் ஊறிய வார்ப்பு, வெல்டிங்கின்போது கொப்பளித்துத் துளைகளை உண்டாக்கும். பிளாக் முழுவதையும் 150 முதல் 200 பாகை வரை முன்கூட்டியே சூடாக்கி, அடியில் செப்புத் தகடு தாங்கலாக வைத்து, 5 விழுக்காடு சிலிக்கான் கலந்த 4043 வகைக் கம்பியால் சிறு சிறு பகுதியாக இணைப்பது வழக்கம். முடிந்ததும் தண்ணீர் ஊற்றாமல் மெதுவாக ஆறவிட வேண்டும்.

வளைந்த துடுப்பைக் குளிர்ந்த நிலையில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். அதன்மேல் சலவைச் சோப்பைத் தேய்த்து மெல்லிய தீயில் காட்டுவது பழைய கைமுறை. சோப்பு பழுப்பேறிக் கருகத் தொடங்கும்போது தீயை விலக்கி, அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் பிடித்துச் சிறிது சிறிதாக நிமிர்த்துவர். அலுமினியம் காட்டாத நிறத்தைச் சோப்பு காட்டுகிறது.

வார்ப்பிரும்புத் துடுப்பு

வார்ப்பிரும்பில் கரியின் அளவு அதிகம். வெல்டிங் செய்த இடம் சட்டென ஆறினால் கண்ணாடிபோல் கடினமாகி, இணைப்பின் ஓரத்திலேயே மீண்டும் விரியும். துடுப்புக்கு எளிய வழி பித்தளைப்பற்று. சுமார் 900 பாகையில் கம்பி மட்டும் உருகி இரும்பைப் பற்றிக்கொள்ளும், இரும்பு உருகாது. மின்வில் முறையில் செய்வதானால் நிக்கல் கம்பியால் ஒரு விரற்கடை நீளம் மட்டும் இட்டு, மெல்லத் தட்டி, சூடு தணிந்தபின் தொடர்வர். எம்முறையானாலும் பிளாக்கை உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மணிக்கணக்கில் ஆறவைக்க வேண்டும்.

எபாக்சி பசையால் ஒட்டிய துடுப்பு பார்வைக்கு மட்டுமே. உலோகத்தோடு ஒப்பிட்டால் பசை வெப்பத்தைக் கடத்துவதே இல்லை எனலாம். சூட்டில் இளகி விழவும் கூடும்.

துளைச் சோதனை

வெல்டிங் வெப்பம் உருளையைக் கோணலாக்கும். அலுமினிய பிளாக்கினுள் இருக்கும் இரும்பு லைனர் வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், லைனருக்கும் அலுமினியத்துக்கும் இடையே மெல்லிய இடைவெளி விழலாம். அந்த இடைவெளி வெப்பத்தைத் தடுத்துவிட்டால், வெளியே துடுப்பு முழுதாக இருந்தும் உள்ளே எஞ்சின் சூடேறும். எனவே ஆறிய பிளாக்கை லேத் பட்டறையில் டயல் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். வட்டம் தவறியிருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டனுக்கு ஏற்பப் போரிங், ஓனிங் செய்வர். லைனரின்றி நிக்கல் பூச்சு கொண்ட துளைகளை இவ்வாறு சாதாரணமாகக் கடைந்து பெரிதாக்க முடியாது. ஆகவே போரிங் செய்ய வேண்டிய நிலையிலுள்ள பிளாக்கில் முதலில் துடுப்பு வேலையை முடித்து, பிறகு போரிங் செய்வதே சரியான வரிசை.

பாதுகாப்பு

ஆடைகளின் செக்கிங் பிரிவில் எண்ணெய்க் கறை நீக்கப் பயன்படும் திரவங்களில் சில, குளோரின் கலந்த கரைப்பான்கள். அவை பிசுக்கை நொடியில் நீக்கும். கையருகே கிடைப்பதால் பிளாக்கைத் துடைக்கவும் எடுத்துக்கொள்ளத் தோன்றும். வெல்டிங் செய்யவுள்ள உலோகத்தில் இவற்றைப் பயன்படுத்தவே கூடாது. மின்வில்லின் புறஊதாக் கதிரிலும் வெப்பத்திலும் இந்தக் கரைப்பானின் ஆவி சிதைந்து ஃபாஸ்ஜீன் வாயு உருவாகலாம். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு இது. சுவாசித்தவுடன் லேசான எரிச்சல் மட்டுமே தோன்றி, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கு ஆபத்தாகும். துடைப்பதற்கு அசிட்டோன் போன்ற குளோரின் இல்லாத கரைப்பானைப் பயன்படுத்தி, அது முழுவதும் உலர்ந்து, புட்டியும் துணியும் அப்புறப்படுத்தப்பட்ட பிறகே வெல்டிங்கைத் தொடங்க வேண்டும். அருகில் கறை நீக்கும் திரவம் தெளிக்கும் அறை இருந்தால், அதன் ஆவி வந்து சேராத இடத்தில் வேலையை வைத்துக்கொள்வது அவசியம்.