தண்டவாளத்தில் ஓடும் 0, 1

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் கேம், இரண்டாவது மாதம் சினிமாப் பாட்டு என்று போய்விடும். மூன்றாவது மாதம் 'இதை வைத்து வேறு என்னதான் செய்யலாம்?' என்ற கேள்வி வரும். உங்களுக்கும் வந்திருக்கும். நான் சொல்லும் பதில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கலாம். கம்ப்யூட்டரைக் கொண்டு மாடல் ரயில் ஓட்டலாம்!

எங்கள் ஊர் இரும்பை. கடலோரச் சாலையில் மரக்காணம் வரை போனாலும் தண்டவாளத்தைப் பார்க்க முடியாது. ரயில் ஏற வேண்டுமென்றால் புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ போக வேண்டும். அதனாலோ என்னவோ, எனக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். சென்னையில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போய் கையில் காசு வந்ததும் முதலில் வாங்கியது ஒரு ஹெச்ஓ அளவு ரயில் செட். நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இது நம் நாட்டில் புதிதல்ல. புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998-லேயே திறக்கப்பட்டுவிட்டது.

சாதாரண பொம்மை ரயிலில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் வோல்ட்டைக் கூட்டினால் வேகம், குறைத்தால் மெதுவு. அதில் இரண்டு இன்ஜின் வைத்தால் இரண்டும் சேர்ந்தேதான் ஓடும். டிசிசி என்ற டிஜிட்டல் முறையில் கதையே வேறு. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம், சுமார் 15 வோல்ட், இருந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன் பிளஸ், மைனஸ் கண்ணிமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான முறை இடம் மாறும். 58 மைக்ரோ செகண்டில் மாறினால் அது 1. சுமார் 100 மைக்ரோ செகண்ட் எடுத்துக்கொண்டு மாறினால் 0. இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் சிப் இதைப் படித்து, 'எனக்கு வந்த கட்டளையா?' என்று எண்ணைச் சரிபார்த்துத்தான் நகரும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி இருப்பது போலத்தான். மின்சாரமும் செய்தியும் ஒரே கம்பியில்! ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980-களில் உருவாக்கிய இந்த முறையை, அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரு கம்பெனி இன்ஜின் இன்னொரு கம்பெனி கண்ட்ரோலரிலும் ஓடும்.

என்னுடைய கண்ட்ரோலர் வீட்டில் செய்தது. ஒரு ஆர்டுயினோ மெகா போர்டு, அதன் மேல் மோட்டார் ஷீல்டு, உள்ளே டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச புரோகிராம். அதை யுஎஸ்பி கேபிள் மூலம் லேப்டாப்பில் இணைத்து ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச சாஃப்ட்வேரால் இயக்குகிறேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மோட்டார் ஷீல்டின் அடியில் 'வின் கனெக்ட்' என்று எழுதியிருக்கும் மெல்லிய இணைப்பை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் தண்டவாளத்துக்கான 15 வோல்ட் ஆர்டுயினோவுக்கும் போய்விடும். அதன் மறுமுனையில் இருப்பது உங்கள் லேப்டாப்!

(இலவசம்தானே என்று ஜேஎம்ஆர்ஐ-யைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதைத் தொடங்கிய பாப் ஜேக்கப்சன் தொடுத்த வழக்கில்தான், இலவச சாஃப்ட்வேரின் லைசென்ஸ் நிபந்தனைகளை மீறுவது காப்புரிமை மீறலாகலாம் என்று 2008-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரயில் பொம்மைக்காரர்கள் செய்த காரியம்!)

பொங்கல் லீவில் வந்த வினை

கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா மகனும் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தான். ஆறாவது படிக்கிறான். "மாமா, ரெண்டு ரயிலையும் நானே ஓட்டணும்" என்பதுதான் ஒரே கோரிக்கை. ஞாயிறு மாலை அவனுக்கு பஸ். என் கையில் மூன்று நாள்.

ஒரு வருடமாக மரக்காணத்தில் சித்தப்பா வீட்டில் கிடந்த தண்டவாளப் பெட்டியை எடுத்து வந்து, ஆறடிக்கு நாலடி பிளைவுட்டில் வட்டமாகப் பூட்டினேன். இன்ஜின் முன்பக்கம் நன்றாக ஓடியது. பின்பக்கம் போனதும் விளக்கு கண் சிமிட்டியது, நகர்ந்தது, நின்றேவிட்டது. டீகோடரின் எண்ணைப் படிக்கச் சொன்னால், இன்ஜினிலிருந்து பதில் இல்லை என்று ஜேஎம்ஆர்ஐ கை விரித்தது.

நான் சாஃப்ட்வேர் ஆள். சந்தேகம் சாஃப்ட்வேர் மேல்தான் போனது. ஜாவாவை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஜேஎம்ஆர்ஐ-யை மறுபடி போட்டேன். டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட் ஒழுங்காகத் தெரிந்தும் டிரைவரை மாற்றினேன். யுஎஸ்பி கேபிளை மாற்றினேன். மல்ட்டி மீட்டரை டிசியில் வைத்துத் தண்டவாளத்தைத் தொட்டால் 0 என்றது. போர்டே போய்விட்டது என்று இரவெல்லாம் தூக்கமில்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் மின்சாரத்துக்கு டிசி மீட்டர் 0-தான் காட்டும் என்பது காலையில்தான் உறைத்தது. ஏசியில் வைத்தால் சுமாரான ஒரு கணக்குக் கிடைக்கும். வைத்தேன், வட்டம் முழுக்க ஒரே அளவு. குழப்பம்தான் கூடியது. பையன் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை சித்தப்பா வந்தார். மரக்காணம் உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்ப்பவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மோட்டார் ஓடலன்னா நாங்க மொதல்ல டெர்மினலைத்தான் தொடைப்போம். நீ என்னமோ கம்ப்யூட்டரையே பிரிச்சிப் போட்டுக்கினு இருக்கியே."

பைக் மீட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட், 3 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் கட்டித் தண்டவாளத்தில் வைத்தார். முன்பக்கம் பளிச்சென்று எரிந்தது. பின்பக்கம் மினுக்கட்டாம் பூச்சி மாதிரி! மீட்டர் மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும். அதனால் கெட்டுப்போன ஜாயின்ட் வழியாகவும் முழு வோல்ட் காட்டிவிடும். பல்பு போல நிஜமான லோடு கொடுத்தால்தான் ஜாயின்ட்டின் வண்டவாளம் தெரியும். கழற்றிப் பார்த்தால், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகட்டு ஜாயினர்களில் பச்சைக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை. நான் துடைக்காமலே பூட்டியிருந்தேன்.

ஜாயினரைச் சுத்தம் செய்தால் அப்போதைக்கு ஓடும். நாளைக்கு மறுபடி களிம்பேறும். சரியான வழி, ஜாயினரை நம்பாமல் இருப்பது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இரண்டை பலகையின் அடியில் வட்டமாக ஓட்டினோம். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் சின்ன ஒயர் வைத்துச் சால்டர் செய்தோம். உள் தண்டவாளத்துக்குச் சிவப்பு, வெளித் தண்டவாளத்துக்குக் கறுப்பு. ஒரே ஓர் இடத்தில் நிறத்தை மாற்றிவிட்டேன். பவர் கொடுத்த உடனே ஷார்ட் என்று போர்டு கட் செய்தது. நல்லவேளை, ஒவ்வொரு துண்டாகச் சால்டர் செய்ததும் சோதித்து வந்ததால், கடைசியாக வைத்ததுதான் தப்பு என்று உடனே தெரிந்தது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போட்டிருந்தால் ஞாயிறு போயிருக்கும்.

அடுத்து நாணயச் சோதனை. 10 ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர். இரண்டு தண்டவாளத்திலும் படும்படி ஒரு கணம் வைத்தால், எந்த இடத்திலும் போர்டு உடனே கட் செய்ய வேண்டும். செய்யாத இடத்தில் ஒயரிங் போதவில்லை என்று அர்த்தம். அங்கே ஒரு பெட்டி தடம் புரண்டால் மின்சாரம் நிற்காமல் பாய்ந்து சக்கரத்தைச் சூடாக்கி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். பையன் நாணயத்தோடு வட்டம் முழுக்கச் சுற்றி வந்தான். விளையாட்டில் பாதி அவனுக்கு அதிலேயே கிடைத்துவிட்டது.

டீகோடர் பதில் சொல்லாததற்கும் காரணம் அழுக்குதான். டீகோடருக்கு வாய் கிடையாது. கேட்ட கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்ல, மோட்டாரைச் சுமார் 6 மில்லி செகண்ட் மட்டும் இயக்கி, 60 மில்லி ஆம்பியராவது கூடுதலாக இழுத்துக் காட்டும். போர்டு அந்தத் துடிப்பைத்தான் கவனிக்கிறது. சக்கரத்தில் அழுக்கு இருந்தால் துடிப்பு போய்ச் சேராது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் சக்கரத்தைத் துடைத்ததும் பதில் வந்தது: முகவரி 3. தண்டவாளத்தையும் இப்படியே துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் கீறலில் அழுக்கு இன்னும் சேரும்.

இரண்டாவது இன்ஜினை வைத்ததும் இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. பயந்துவிடாதீர்கள். புது டீகோடர்கள் பொதுவாக 3 என்ற எண்ணோடுதான் வரும். ஒன்றை மட்டும் புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து சிவி 1-ல் 4 என்று மாற்றினேன். தீர்ந்தது.

ஞாயிறு மதியம் வீட்டு வை-ஃபை வழியாக, 'இன்ஜின் டிரைவர்' என்ற ஆண்ட்ராய்டு ஆப்பை ஜேஎம்ஆர்ஐ-யோடு இணைத்துக் கொடுத்தேன். என் போனில் 3, அக்கா போனில் 4. பையன் இரண்டையும் ஓட்டினான். ஒருமுறை மோதவும் விட்டான். நாலு மணிக்குக் கிளம்பும்போது, ரயில் போய் வளைந்து அதே பாதையில் திரும்பி வரும்படி ஒரு லூப் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதில் இடது தண்டவாளம் சுற்றி வந்து வலதோடு சேர்ந்து ஷார்ட் ஆகும். அந்தத் துண்டை மட்டும் பிரித்து ஆட்டோ ரிவர்சர் வைக்க வேண்டும். முழுப் பரீட்சை லீவு வரை நேரம் இருக்கிறது. பலகை இப்போது இரும்பையிலேயே இருக்கிறது, பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி.