நாற்பது வளைவுக்குள் அடங்கிய காடு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறு அணை வரைக்கும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே சமதரையில் ஓடும் சாலை, அதற்கப்புறம் சட்டென்று மலைமேல் ஏறத் தொடங்கும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். 1/40, 2/40 என்று வளைவுக்கு வளைவு பலகை நட்டிருக்கிறார்கள். வயிற்றைப் புரட்டும் குழந்தைகள் இன்னும் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். மரங்களைப் பார்த்து வருகிறவர்களுக்கோ ஒவ்வொரு எண்ணுக்கும் ஊரே மாறுகிறது.

100 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.6 டிகிரி வீதம் வெப்பம் குறையும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் மேலேறும் காற்று விரிந்து குளிர்கிறது. காது அடைத்துத் திறப்பதற்கும், ஆழியாற்றில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் அட்டகட்டியில் உப்பிக்கிடப்பதற்கும் அதே அழுத்தக் குறைவுதான் காரணம். மழைக்கும் இதுதான் அடிப்படை. அரபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்துச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, நீராவியை மழையாகக் கொட்டிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இறங்கும்போது மீண்டும் சூடேறி வறண்டுவிடுகிறது. வால்பாறையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை; பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக நனையும் இடங்களில் ஒன்று. ஜூலை மாதம் அணையருகே வெயிலில் நின்றுவிட்டுப் புறப்படுகிறவர்கள், கவர்க்கல் வந்ததும் எதிரே வரும் பேருந்தின் விளக்கு மட்டும் தெரியும் மூடுபனிக்குள் நுழைகிறார்கள். கீழே முள்மரமும் இலையுதிர்காடும். மேலே ஆண்டு முழுக்கப் பச்சை மாறாத மழைக்காடு. சமவெளியில் இப்படி ஒரு மாற்றத்தைப் பார்க்க நாள்கணக்கில் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

ஒன்பதாவது வளைவில் எல்லா வண்டிகளும் நிற்கும். லோம் காட்சிமுனை என்று பெயர். எல்லோரும் அணையைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு பாறையைப் பார்க்கச் சொல்வேன். தடுப்புச் சுவரின் மேலேயோ, செங்குத்துப் பாறையின் விளிம்பிலேயோ வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு. பொதுவாக 1,200 மீட்டருக்கு மேலே, சோலைக்காடுகளை அடுத்த புல்வெளிகளில் வாழ்வது. இங்கே இவ்வளவு தாழ்வில் அதற்கு என்ன வேலை? வரையாட்டுக்கு உயரத்தைவிடப் பாறைதான் முக்கியம். சிறுத்தையோ செந்நாயோ விரட்டினால், அவை கால் வைக்கத் தயங்கும் செங்குத்தில் இது ஏறிவிடும். குளம்பின் ஓரம் கெட்டியாகவும் உள்பக்கம் மெத்தென்றும் இருப்பதால் பாறையைப் பற்றிக்கொள்ள முடிகிறது. புல்லும் பாறையும் சேர்ந்திருக்கும் இந்தச் சரிவு அதற்குப் போதும்; நடுவே நாம் சாலை போட்டுவிட்டோம்.

நீண்ட காலம் இதை இமயத்துத் தார் ஆட்டின் உறவாகவே விலங்கியலாளர்கள் கருதினார்கள். 2005-இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது செம்மறியாட்டுக்கே நெருங்கிய சொந்தம் என்று தெரியவந்தது. தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். அதைவிட என்னை வியக்கவைப்பது பாலக்காட்டுக் கணவாய். காட்சிமுனையிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் சமவெளி, மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த அகன்ற இடைவெளியின் வாசல். அதற்கு வடக்கே நீலகிரியில் இருக்கும் வரையாடுகளும் தெற்கே ஆனைமலையில் இருப்பவையும் மரபணுவில் வேறுபட்டு நிற்கின்றன. யானைகளிலும் இதே கதைதான். பாறையில் அசையாமல் நிற்கிற அந்த விலங்கால் கீழே தெரியும் சமவெளியைக் கடக்க முடியவில்லை.

மேலே ஏறியதும் தேயிலை. 1890-களில் தொடங்கி மழைக்காட்டை வெட்டி நட்டது. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். தேயிலைக்கு நடுவே வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டுகள் திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன.

எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் அக்கா ஒருவரைப் பார்க்காமல் நான் இங்கிருந்து இறங்குவதில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். போனதும் கட்டஞ்சாயா. அடுத்து, "தம்பி, இருட்டுறதுக்குள்ள கெளம்பிரு, மேல ஃபீல்டுல கூட்டம் நிக்குது" என்பார். யானைக் கூட்டம். பகலில் அவை காட்டுத் துண்டுகளிலும், நடு ஆறு, சோலையாறு கரையோர மரங்களுக்குள்ளும் ஒதுங்கியிருக்கும். இருட்டிய பிறகு தேயிலையைக் கடந்து அடுத்த காட்டுக்குப் போகும். தேயிலையை அவை தின்பதில்லை. வழி அதுதான், நூறு ஆண்டுகளுக்கும் முன்பு மரங்கள் நின்றபோதும் அதுவேதான். யானையால் இறந்த மனிதர்களில் பெரும்பாலோர் அது அங்கே இருப்பது தெரியாமலேயே இருட்டில் எதிரே போய் நின்றவர்கள். காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் நண்பர்களும் இதைக் கண்டறிந்தபோது, தீர்வும் அதற்குள்ளேயே இருந்தது. யானையை விரட்டுவதல்ல, அது எங்கே நிற்கிறது என்பதை எல்லோருக்கும் சொல்லிவிடுவது.

அந்தத் தகவல் முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாக வந்தது. பிறகு கைபேசிக்குக் குறுஞ்செய்தி. கூடவே ஊர் முக்குகளில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள். பதிவுசெய்த எண்ணிலிருந்து ஒரு அழைப்பு விடுத்தால் எரியும். வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்குகிறவர் தூரத்திலேயே பார்த்துவிடலாம். விளக்கை ஏற்றுவது அதிகாரிகள் அல்ல, அந்தந்த லைனில் குடியிருப்பவர்களே. உயிரிழப்புகள் கண்கூடாகக் குறைந்தன. அக்கா சொல்வது இது: "எந்த ஃபீல்டுல நிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். அது வழியில அது போகும், நாங்க சுத்திப் போயிருவோம்." காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றி நான் படித்த பல நூல்களைவிட இந்த இரண்டு வாக்கியங்கள் எனக்குத் தெளிவானவை.

வால்பாறை ஊருக்குச் சற்று முன்னால், புதுத்தோட்டத்தில், சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பட்டையான குழாய்கள் கட்டியிருப்பதைப் பார்க்கலாம். சிங்கவால் குரங்குக்கான பாலம் அது. மேற்குத் தொடர்ச்சி மலை தவிர உலகில் வேறெங்கும் இல்லாத விலங்கு. மரக்கிளைகளிலேயே பிறந்து அங்கேயே வாழ்வது. வெடிபலா மரத்தின் முள்காயைக் கடித்துத் திறந்து விதை தின்னும். சாலையை அகலப்படுத்தி இரு பக்கத்துக் கிளைகளும் தொடமுடியாமல் போனபோது தரையிறங்கி, வண்டியில் அடிபட்டது. பழைய தீயணைப்புக் குழாயைக் கட்டி வைத்தார்கள். சில காலம் சந்தேகத்துடன் பார்த்துவிட்டு, பிறகு குட்டியை வயிற்றில் ஏந்தியபடி கடக்கத் தொடங்கிவிட்டது. வண்டியை நிறுத்தி பிஸ்கெட் நீட்டுகிறவர்கள் அதை மறுபடியும் தரைக்கு இழுக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இருவாட்சி பறந்தால் முதலில் காதுதான் அறியும். நிலக்கரி ரயில் மூச்சுவிடுவது போன்ற ஓசை. சிறகின் அடிப்பகுதியில் இறகுகளுக்கிடையே காற்று புகுவதால் வருவது. இதன் பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் அடைத்துக்கொண்டு, மூன்று நான்கு மாதம் உள்ளேயே இருக்கும். ஆண் கொண்டுவரும் அத்திப்பழம் ஒரு கீறல் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஆண் செத்துவிட்டால் குடும்பமே பட்டினி. அவ்வளவு பெரிய பொந்துக்கு அவ்வளவு வயதான மரம் வேண்டும். பழமரங்களின் விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் இதே பறவை. காட்டுயிர் ஆய்வாளர்களான திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் சிதைந்த காட்டுத் துண்டுகளில் உள்ளூர் மரக் கன்றுகளை நட்டு வருவது இதற்காகவும்தான். இன்று நட்ட கன்றில் பொந்து விழ நம் பேரப்பிள்ளைகள் காலம் தாண்டிவிடும். அது தெரிந்தே நடுகிறார்கள்.

எஸ்டேட் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவருடன் இரவு மழைக்குப் பிறகு சாலையோரம் டார்ச்சுடன் நடந்திருக்கிறேன். யானையோ புலியோ அல்ல, அவர் தேடுவது கேடயவால் பாம்பு. தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள குடும்பம், விஷமில்லை. மண்ணுக்குள் மண்புழு தின்று வாழும். வாலின் நுனி வெட்டிவிட்டது போல மழுங்கி, செதில்கள் கெட்டிப்பட்டிருக்கும். விளக்கொளியில் உடல் நீலமும் ஊதாவுமாக மினுங்கும். மண் நனைந்து நீர் நிறைந்ததும் மேலே வரும். தார்ச்சாலையில் அதற்கு வேகம் கிடையாது. தவளைகளும் அதே நேரத்தில்தான் கடக்கும். ஆனைமலைச் சாலைகளில் அடிபட்டவற்றை எண்ணிய ஆய்வாளர்கள், மழைக்காலத்தில் இவை அதிகமாகச் சாவதைக் கண்டார்கள்.

ஜூன் ஜூலையில் வால்பாறைக்கு வருவதாக யார் சொன்னாலும் அந்த ஆசிரியர், "வெளிச்சத்துலயே ஏறி வந்துருங்க" என்பார். யானைக்குப் பயந்து சொல்கிறார் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தவளைக்காகவும் இந்தப் பாம்புக்காகவும்தான் சொல்கிறார்.